பேர் போட்டால் வரத்தான் செய்வார்கள்

சங்கரன்கோவில் ஓடைத் தெருவில் சேலை மடித்துக் கொடுக்கிற ஆவுடையின் வீட்டுக்கு, அவளுடைய இணையதளம் திறந்த மறுநாள் காலையில், ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கி நான்கு வெள்ளைக்காரர்கள் நடந்து வந்தார்கள். கோட்டு சூட்டுப் போட்டு இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்த நரைத்தலைக்காரர் ஒருவர், எதிரே வந்த ஆள் ஆடு எல்லாவற்றுக்கும் கை குலுக்க வலது கையை நீட்டிக்கொண்டே வந்த வாட்டசாட்டமான ஒருவர், காதில் வளையமும் வாயருகே மைக்கும் மாட்டியிருந்த பெண் ஒருத்தி, கிண்ணம் நிறையப் பச்சை இலைகளை ஏந்தி அந்த இலைகளைப் பார்த்தே சிரித்துச் சிரித்து மாய்ந்த இன்னொருத்தி. நால்வருக்கும் பல் அப்படியொரு வெள்ளை, நால்வர் மேலும் எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் விழுந்தது, நால்வருக்கும் நிழல் இல்லை. வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாடத்தி அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆவுடை வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏளா ஆவுடை, ஒன் வீட்டுக்கு ஆள் வந்துருக்காவ. பால் இருக்கா, நான் கொண்டாரட்டா?"

இது எப்படி நடந்தது என்று ஓடைத் தெருவில் அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்பதில்லை. பேர் போட்டிருந்தது, வந்தார்கள். பேர் போட்டும் வராமல் இருந்தால்தான் அந்தத் தெருவில் பேச்சு வந்திருக்கும்.

எதற்காகப் பேர் போட்டார்கள் என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

ஆவுடைக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. கூடிவந்த ஒன்றிரண்டையும் அவளே கலைத்துவிட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு, அது உண்மைதான். முப்பத்தொன்பது வயதில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள், கல்யாண வீட்டுச் சேலைகளை வாங்கிக் கொசுவம் வைத்து, முந்தானை மடித்து, இஸ்திரி போட்டு, ஊக்குக் குத்தி, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். சேலை கட்டத் தெரியாத மணப்பெண்ணும் அதை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டால் போதும், சிலைக்குக் கட்டிவிட்ட மாதிரி நிற்கும். அந்த வேலையில் அவளுக்கு ஒரு கிறுக்கே இருந்தது. பட்டு தன் விரலுக்கு அடங்கி விசிறி விசிறியாகப் படியும்போது அவள் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள், தோசை கருகும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த அவளுடைய அண்ணன் கைலாசத்துக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"ஒத்தப் பொம்பளை ஒரு வீட்ல இருந்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவேன். அதுக்குள்ள இந்தத் தொழில் நாலு பேர் மதிக்கிற மாதிரி நிமிந்து நிக்கலேன்னா வீட்டைப் பூட்டிட்டு ஒன்னயத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்க" என்று போனில் சொல்லிவிட்டான். திருப்பூரில் அவன் மனைவி பிரேமா வேலைக்குப் போகிறாள், இரண்டு பிள்ளைகள், சமையலுக்கு வைத்த ஆள் யாரும் ஒரு மாதம் தாண்டி நிற்கவில்லை. அண்ணன் பாசத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு அடுப்பங்கரை தெரிந்தது. ஆவுடை அந்த அடுப்பங்கரைக்குப் போகத் தயாராக இல்லை. போனால் திரும்ப முடியாது, இஸ்திரி மேசையைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடுவார்கள், சாகிறவரைக்கும் அடுத்தவள் வீட்டுக் குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடவேண்டியதுதான்.

ஆகவே அவள் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் போனாள். சுடலைமுத்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவர். ஜனங்கள் போனிலேயே அழைப்பு அனுப்பத் தொடங்கியதும், அதற்கென்ன என்று அதே கம்ப்யூட்டரில் இணையதளம் கட்டப் பழகிக்கொண்டார். எந்த வேலையைச் செய்தாலும் பத்திரிகை அடிக்கிற கையாலேயே செய்வார். ஆவுடையின் தளத்துக்கு உச்சியில் ஒரு பிள்ளையாரைப் போட்டார், 'ஆவுடை சேலை மடிப்பகம்' என்று வளைவாக எழுதினார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தார்.

"ஒன் போட்டோ ஒண்ணு குடு தாயி."

"என் மூஞ்சி எதுக்கு அண்ணாச்சி? ஒத்தையில இருக்கவ மூஞ்சியை ஊரு ஒலகமெல்லாம் பாக்கணுமாக்கும். சேலையைப் போடுங்க, போதும்."

அவள் போய்விட்டாள். சுடலைமுத்துவுக்கு மனசு ஆறவில்லை. வாங்கிய ரெடிமேடு டிசைனில் 'எங்கள் குழு' என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் மாதிரிக்கு நான்கு படங்கள் கிடந்தன. ஆவுடையிடம் குழுவாவது கிழுவாவது. அந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாம்தான். ஆனால் முப்பது வருஷம் பத்திரிகை அடித்த மனுஷன் ஆள் பேர் இல்லாத பக்கத்தைச் சகிப்பாரா? பெண்வீட்டுப் பக்கம் பேர் குறைந்தால் மாப்பிள்ளை வீட்டார் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்று, ஆளில்லாத வீட்டுக்கு அவர் தெய்வமானவர்களை வரிசையில் நிறுத்தியிருக்கிறார், கைக்குழந்தைகளை 'தங்கள் வரவை ஆவலுடன் எதிர்பார்க்கும்' போட்டு நிரப்பியிருக்கிறார், ஒருமுறை வேறு வழியில்லாமல் தன் பெயரையே மாமா முறைக்குச் சேர்த்துவிட்டு, சேர்த்த தோஷத்துக்குப் போய்த் தாய்மாமன் மாலையும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். படத்தில் இருந்த நால்வரும் லட்சணமாக வேறு இருந்தார்கள். வெறும் படமாக விட்டால் மரியாதையில்லை என்று கைகட்டி நின்றவருக்குப் பேச்சிமுத்து, தலைமை ஆலோசகர் என்றும், கை நீட்டியவருக்குக் குருசாமி, வரவேற்பு என்றும், மைக் மாட்டியவளுக்கு இசக்கியம்மாள், விசாரணை என்றும், இலைக்காரிக்கு மாரித்தாய், சாப்பாட்டுப் பொறுப்பு என்றும் பேரும் முறையும் போட்டு, வைகாசி மாதத்து நல்ல முகூர்த்தத்தில் தளத்தைத் திறந்துவிட்டார்.

"தொறந்தா மட்டும் ஆச்சா? நாலு பேருக்குச் சொல்லணும்லா" என்று அவரே வெற்றிலைத் தட்டும் குங்குமச் சிமிழும் கற்கண்டுமாக ஆவுடையைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். "நம்ம ஆவுடை வெப்சைட் போட்டுருக்கா. குடும்பத்தோட கட்டாயம் வந்துருங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க." குங்குமம் வைத்து அழைத்துவிட்டால் போகாமல் இருக்க முடியுமா? முகூர்த்த நேரத்தில் வீடு வீடாகப் போனைத் திறந்து உட்கார்ந்தார்கள். புதுச்சேலை கட்டிக்கொண்டு பார்த்தவர்கள் உண்டு, மொய் எங்கே எழுத என்று கேட்டவர்கள் உண்டு, சாப்பாடு போடாத விசேஷமா என்று முகத்தைத் தூக்கியவர்களும் உண்டு. எல்லாரும் பிள்ளையாரைப் பார்த்தார்கள், சேலையைப் பார்த்தார்கள், 'எங்கள் குழு'வில் ஆவுடைக்கு இத்தனை பேர் இருக்கிறார்களா என்று கொஞ்சம் ஆச்சரியத்தோடும் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடும் பார்த்தார்கள். ஆவுடையின் பழைய போனில் மட்டும் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் அவர்களை நேரிலேயே பார்த்துக்கொண்டாள்.

பால் வந்தது, காபி வந்தது. நால்வரும் டம்ளரைப் பார்த்துச் சிரித்தார்கள், குடிக்கவில்லை. பாய் போட்டாள், உட்காரவில்லை. "நீங்க எங்கேருந்து வாரீய?" என்று ஆவுடை கேட்டதற்கு நால்வரும் ஒரே குரலில், "லோரம் இப்சம்" என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினார்கள். ஓடிவந்த சுடலைமுத்துதான் அது என்ன பாஷை என்று கண்டுபிடித்தார். டிசைனில் படத்துக்குக் கீழே, நாம் எழுதும்வரைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்குமே யாருக்கும் புரியாத எழுத்து, அதையேதான் பேசினார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அண்ணன் பயந்த வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள், நாலு பேரும் ஒரே விதமாகப் பேசினார்கள்.

"இப்ப என்ன அண்ணாச்சி செய்ய?" என்றாள் ஆவுடை.

"என்ன செய்ய? பத்திரிகையில பேரு போட்டா வரத்தான் செய்வாவ. வந்தவுகளை வாசல்ல நிப்பாட்டலாமா?"

ஓடைத் தெருவும் அதைத்தான் சொன்னது. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள்; அப்புறம் கிழவர்கள் ஓடினார்கள்; அப்புறம் தெரு அவர்களுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தது. பேச்சிமுத்து கைகட்டி நிற்பதைப் பார்த்துத் தெருவே கூசிப்போனது. இவ்வளவு பெரிய மனுஷன், கோட்டுப் போட்டவர், நமக்கு முன்னால் கைகட்டி நிற்கிறாரே, நாம் என்ன ஜில்லா கலெக்டரா? "கையை எடுங்கய்யா, எங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று கெஞ்சிப் பார்த்தார்கள், அவர் எடுக்கவில்லை. பொதுச்சுவருக்காகப் பல வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இருவர் வீட்டு நடுவில் ஒருநாள் அவர் அப்படியே போய் நின்றார்; இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள், அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டே நின்றார், கடைசியில் தாங்கமாட்டாமல் இரண்டு பேருமே சுவரை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்தச் சுவருக்கு ஆளே இல்லை. குருசாமியைக் கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள், வந்தவர்கள் கை வலிக்க வலிக்கக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்கள். துஷ்டி வீட்டுக்கு மட்டும் அவரைக் கூப்பிடுவதில்லை. ஒருமுறை தானாகவே போய்ப் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்தார், செத்தவருடைய மூத்த மருமகள் மட்டும் பதிலுக்குச் சிரித்ததைத் தெரு இன்னும் பேசுகிறது.

மாரித்தாயின் கிண்ணத்தில் இலை குறையவே இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவை மாடத்தியின் ஆடுகள். அவை அவளை விட்டுப் பிரிவதில்லை. தின்னத் தின்ன அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவை தின்றன. ஆடித்தபசுக்குள் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனத்துக்கு வந்துவிட்டது. இசக்கியம்மாள் ஆவுடையின் தொழில் போனை எடுத்துப் பேசினாள். அந்தப் பாஷையைக் கேட்டவர்கள் இது பெரிய கம்பெனி என்று பயந்து, சொன்ன தேதிக்கு முன்பே சேலையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமியாரிடமிருந்து போன் வந்தால் தெருப் பெண்கள் அதையும் ஓடிவந்து அவளிடம் நீட்டிவிடுவார்கள். பேசி முடித்த மாமியார்கள் அதற்குப் பிறகு பல நாள் கூப்பிடுவதில்லை. கரண்டு போனால் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நால்வரின் வெளிச்சத்துக்குப் போனார்கள். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வேண்டியவர்கள் பேச்சிமுத்துவின் முதுகுப்பக்கம் போய் நின்றார்கள், அங்கே எப்போதும் வெள்ளை வெளேரென்று ஒரு சுவர் இருந்தது. எல்லாம் முறைப்படி இருக்கட்டும் என்று அவர்களுக்கு ஆதார் எடுக்கவும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இம்புட்டு நல்லா விழுந்த போட்டோவையெல்லாம் ஏத்துக்கிட மாட்டோம். போய்த் தூங்காம நாலு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

எல்லாருக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது, ஆவுடைக்கு மட்டும்தான் ஒன்று இடித்தது. தென்காசி, கோவில்பட்டி, மதுரை என்று சேலைகள் வந்து குவிந்தன. அவள் காலையில் மேசைக்கு முன்னால் நின்றால் விளக்கு வைக்கும்வரை நின்றாள். மற்ற நால்வரும் ஒரு ஊக்கு எடுத்துக் கொடுக்கவில்லை, அவர்களால் படத்தில் செய்ததைத்தான் செய்ய முடியும். ஆனால் ஊர் சொன்னது, "வெள்ளைக்காரன் மடிப்பு வெள்ளைக்காரன் மடிப்புத்தான்யா, என்ன நறுவிசு!"

ஒருநாள் விருதுநகரிலிருந்து திலகவதி என்று ஒரு பெரிய வீட்டு அம்மாள், மகளின் முகூர்த்தப் பட்டோடு காரில் வந்து இறங்கினாள். ஆவுடை இரண்டு கையையும் நீட்டினாள். அந்த அம்மாள் பட்டைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா, ஐயா கையிலேயே குடுத்துருதேன். நீ போய்க் குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா."

பேச்சிமுத்துவின் கட்டிய கைகளுக்கு மேலே பட்டை வைத்துவிட்டு, அவரைக் கும்பிட்டுவிட்டு, ஆவுடை கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "இந்தப் பொண்ணு ரொம்பப் பணிவு" என்று இசக்கியம்மாளிடம் ஆவுடையைப் பற்றி நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனாள். ஆவுடைக்குக் காது இரண்டும் கொதித்தன. ஆனாலும் பட்டைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. அழுதுகொண்டேதான் மடித்தாள், அழுதாலும் ஒரு மடிப்புக் கூடப் பிசகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கைலாசம் கூப்பிட்டான். குரலில் அப்படியொரு குளிர்ச்சி.

"வெப்சைட்டைப் பாத்தேன். பேஷ்! தொழில் நிமிந்துருச்சு."

"அப்ப நான் இங்கனயே இருக்கலாம்லா அண்ணே?"

"நீ எதுக்கு? அதான் அம்புட்டுப் பேர் இருக்காவளே, அவுக பாத்துக்கிடுவாவ. கோட்டுப் போட்டவுக நிக்க எடத்துல ஒனக்கு என்ன சோலி? ஆடித்தபசுக்கு வாரேன், துணிமணியை எடுத்து வச்சுரு. பிரேமா புதுக் குக்கர் வாங்கி வச்சுருக்கா."

ஆளில்லை, அதனால் வா என்றான். இப்போது ஆள் இருக்கிறது, அதனால் வா என்கிறான். கல்லில் முட்டினாலும் தலைதான் போகும், தலையில் கல் விழுந்தாலும் தலைதான் போகும். ஆவுடை போனை வைத்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் நேரே சுடலைமுத்து கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கத்தைத் தூக்குங்க."

சுடலைமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பேரு போட்டுட்டு எடுக்கதா? என்ன வார்த்தை சொல்லுத! ஒரு பேரு விட்டுப்போனதுக்கே மூணு தலைமுறையாப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் எல்லாம் எனக்குத் தெரியும். போட்ட பேரை எடுத்தா அவுக மண்ணை வாரித் தூத்திட்டுல்லா போவாவ!"

அதற்குள் விஷயம் தெரிந்து தெருவே கடைவாசலில் கூடிவிட்டது. ஆட்டுக்கு நான் எங்கே போக என்றாள் மாடத்தி. என் மாமியாருக்கு யார் பதில் சொல்ல என்றாள் ஒருத்தி. ஆவுடை எல்லாரையும் பார்த்தாள். பிறகு இத்தனை நாளும் அவளே வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டாள்.

"சரி, அவுக இருந்துட்டுப் போகட்டும். எல்லாருக்கும் மேல என் போட்டோவைப் போடுங்க. கீழ பேரைப் போடுங்க. மடிக்கது நான், என் மூஞ்சி தெரியட்டும். எவன் என்ன பேசினாலும் பேசிக்கிடட்டும்."

சுடலைமுத்து அங்கேயே நிற்கவைத்துப் படம் எடுத்தார். எடுத்ததை அப்படியே போட்டிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை படத்தை முப்பது வருஷம் கழுவிக் கழுவி அடித்த கை சும்மா இருக்குமா? நிறத்தைக் கொஞ்சம் கூட்டினார், நரையை எடுத்தார், கண்ணுக்குக் கீழிருந்த கருப்பைத் துடைத்தார், முறைத்துக்கொண்டிருந்த வாயைச் சிரிக்கவைத்தார், தொங்கிக் கிடந்த கைகளைக் கும்பிடவைத்தார். சின்ன வயசில் கைலாசம் எறிந்த பம்பரம் பட்டு இடது புருவத்தில் விழுந்த வெட்டுத் தழும்பையும் மறக்காமல் எடுத்துவிட்டார். 'ஆவுடை, உரிமையாளர்' என்று பேரும் போட்டுவிட்டார்.

ஆடித்தபசு அன்று காலை ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கி, கும்பிட்ட கையை இறக்காமல், சிரித்த வாயை மூடாமல் இன்னொரு ஆவுடை நடந்து வந்தாள்.

வாசலில் நின்ற ஆவுடைக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. இவள் மாதிரி இருந்திருந்தால் எனக்கும் ஒரு வாழ்க்கை அமைந்திருக்குமோ என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே, இவளுக்கு ஒரு கொசுவம் வைக்கத் தெரியுமா என்றும் நினைத்தாள், மனசு சமாதானமாகிவிட்டது. தெருப் பெண்கள் சுற்றி நின்று வந்தவளைக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், நல்லாத்தான் இருக்கா என்றார்கள். சுடலைமுத்து பேருக்குக் கீழே ஒரு எழுத்துக்கூட இல்லாமல் விட்டிருந்ததால் அவள் வாயிலிருந்து அந்தப் புரியாத பாஷைகூட வரவில்லை. மாடத்தி அவளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

"கைலாசம் எந்த பஸ்ஸுக்கு வாரான்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கேட்டதுமே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தி ஆவுடையின் பெட்டியில் நாலு சேலையை வைத்து மூடினாள். ஒருத்தி வந்தவளின் தலையில் பூ வைத்தாள். ஆவுடையை இஸ்திரி மேசைக்குப் பின்னால் தள்ளி, முன்னால் கயிறு கட்டி, இன்னும் கொடுத்தனுப்பாத திலகவதி வீட்டுப் பட்டைப் பிரித்து மறைப்பாகத் தொங்கவிட்டார்கள். தெருவே சேர்ந்து பொய் சொல்லப் போகிறது என்றால் அந்தத் தெருவுக்கு வரும் சுறுசுறுப்பே தனி.

கைலாசம் பூட்டோடு வந்தான். சண்டை போடுவாள், அழுவாள், காலைப் பிடிப்பாள் என்று வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு வந்தவனுக்கு, வாசலிலேயே தங்கச்சி கும்பிட்டுச் சிரித்தபடி பெட்டியோடு நின்றதைப் பார்த்ததும் யோசித்ததெல்லாம் வீணாய்ப் போனது.

"கெளம்பிட்டியா? சண்டை போடலியா?"

அவள் சிரித்தாள்.

"எதுத்துப் பேசலியா?"

அவள் கும்பிட்டாள்.

"மாடத்தி மதினி, இவளுக்கு என்ன ஆச்சு?"

"புத்தி வந்துருச்சு கைலாசம்" என்றாள் மாடத்தி, ஆட்டைத் தடவிக்கொண்டு.

பட்டுக்குப் பின்னால் நின்ற ஆவுடை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இவனிடமிருந்து தப்பிக்கத்தான் நினைத்தாள். இப்போது அவளுக்குள் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் புருவத்தைப் பார்த்து, ஏட்டி, நான் எறிஞ்ச பம்பரத் தழும்பு எங்க என்று கேட்டுவிட்டால், சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, அவன் கூப்பிடுகிற இடத்துக்கு, அடுப்பங்கரையானாலும் சரி, அவளே போயிருப்பாள். சத்தியமாகப் போயிருப்பாள். கைலாசம் அந்த முகத்துக்கு மிக அருகில் வந்தான். நெற்றியிலிருந்து நாடிவரை பார்த்தான்.

"நல்லா நெறம் வச்சுருக்க. இப்பத்தான் நீ மனுசியா இருக்க" என்றான்.

பிறகு பேச்சிமுத்துவிடம் போய் மரியாதையாகக் குனிந்து, "சார், வீட்டைப் பூட்டலை, நீங்களே இருந்து தொழிலைப் பாத்துக்கிடுங்க" என்று பூட்டைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். பேச்சிமுத்து கைகட்டிக் கேட்டுக்கொண்டார். குருசாமி கைலாசத்துக்குக் கை குலுக்கி இருவரையும் வழியனுப்பினார். பஸ் போன திசையைப் பார்த்துத் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, சிரித்து முடித்ததும் எல்லாரும் தபசுக் காட்சி பார்க்கக் கோயிலுக்கு ஓடினார்கள்.

அதற்குப் பிறகு சேலை கொண்டுவருகிறவர்கள் உரிமையாளரைக் கேட்டே வந்தார்கள். "படத்துல பாத்த மாதிரி இல்லியே நீங்க" என்பார்கள். "நேர்ல இப்படித்தான் இருப்பேன்" என்று சேலையை வாங்கிக்கொள்வாள் ஆவுடை. திலகவதி மகள் கல்யாணத்துக்கு அவளுக்குக் குங்குமம் வைத்து அழைப்பு வந்தது. போய்விட்டு வந்தாள், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் தொழில் போன் அடித்தது. இசக்கியம்மாளை மூன்றாம் வீட்டுப் பெண் தன் மாமியாருக்காகக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஆவுடையே எடுத்தாள்.

"பேச்சிமுத்து சார் இருக்காவளா? நான் திருப்பூர்லேருந்து கைலாசம். நம்ம ஆவுடையோட அண்ணன்."

வாயைத் திறந்தால் முடிந்தது கதை என்று நினைத்தாள் ஆவுடை. ஆனால் தொழில் போன். எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

"சார் வெளிய போயிருக்காவ. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா, என் பொஞ்சாதி தம்பி வீட்டுப் பால்காய்ச்சு வருது. ஒரு பட்டுச்சேலை மடிக்கணும். பார்சல்ல அனுப்பிருதேன்."

"அனுப்புங்க. ஒங்க தங்கச்சி எப்படி இருக்காவ?"

"அதை ஏன் கேக்க! சிரிச்ச முகம்னா சிரிச்ச முகம். ஒரு சொல்லு எதுத்துப் பேசுதது கெடையாது. பிரேமா பெத்த தாயை மாதிரி வச்சுத் தாங்குதா. சமையல்தான் வர மாட்டேங்கு. காய் நறுக்கக் குடுத்தாலும் கும்புடுதா. அதனால என்ன, காலையில நான் சோத்தை வடிச்சுருதேன், பிரேமா கொழம்பு வச்சுருதா. அவளுக்கும் சேத்துத்தான்."

ஆவுடை சேலைத்தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும், சிரித்த இடத்திலேயே வலித்தது. முப்பத்தொன்பது வருஷமாகக் கேட்ட குரல், ஒரே தட்டில் தின்று வளர்ந்தவள் குரல், அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்க புதுசா சேந்துருக்கியளோ?" என்றான் கைலாசம். "சேலையை யார் பேருக்கு அனுப்ப?"

"ஆவுடை."

"அட, என் தங்கச்சி பேரேதான்."

"இந்தப் பக்கம் நெறைய ஆவுடை உண்டு அண்ணாச்சி" என்றாள் அவள். "சேலை எந்தத் தேதிக்கு வேணும்?"